மை குடிக்கும் தாள்

திருவாதவூரில் நான் ஆங்கிலம் கற்பித்து வந்த காலத்து நிகழ்ச்சி இது. மையொற்றும் தாளுக்கு அடைமொழியாகப் 'பிபியுலஸ்' என்ற அரிய சொல் ஒரு பாடத்தில் வந்தது. உழவர் வீட்டுப் பையன் ஒருவன் அதனை 'மை குடிக்கும் தாள்' என்று மொழிபெயர்த்தான். 'உறிஞ்சும்' என்பதே என் விடை. உயிரற்ற தாள் குடிக்குமோ என்று சொல்லிச் சிவப்பு மையால் அடித்துவிட்டேன், வகுப்பும் சிரித்தது.

"மண் தண்ணீரைக் குடிக்கிறதே, ஐயா?" என்றான் அவன். உட்காரச் சொன்னேன்.

அன்று மாலை பெரிய அகராதியைப் புரட்டியபோது, பிழை என்னுடையதே என்று கண்டேன். இலத்தீனில் 'பிபெரே' என்றால் குடித்தல். அதன் வழிவந்தது 'பிபுலஸ்'. உரோமர் அதனைக் குடியனுக்கும் வழங்கினர், மணலுக்கும் வழங்கினர். கி.மு. முதல் நூற்றாண்டுப் புலவராகிய வர்ஜில், தம் உழவு நூலில், தேங்கிய நீரை வாங்கிக்கொள்ளும் மணலை இச்சொல்லாலேயே சுட்டினார். இளைய பிளினியோ, மை ஊறிப் பரவும் மட்டமான பாப்பிரஸ் தாளை அவ்வாறு குறித்தார். 17-ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்துள் புகுந்தது.

வடமொழியில் 'குடிக்கிறான்' என்பதற்குப் 'பிபதி' என்பர். அதற்கும் இலத்தீனச் சொல்லுக்கும் மூலம் ஒன்றே. 'பானம்' என்பதும் அவ்வினத்தது. ஆகவே, திருவிழாப் பந்தலில் நாம் பருகும் பானகம் இந்த ஆங்கிலச் சொல்லுக்கு ஒன்றுவிட்ட உறவு! தமிழ் அக்குடும்பத்தது அன்று; எனினும் நம் வீடுகளில் வடை எண்ணெய் குடிக்கிறது; கோடையில் வைகை மணல், வந்த நீரையெல்லாம் குடித்துவிடுகிறது.

ஓலையோ குடிப்பதில்லை. எழுத்தாணியால் கீறிக் கரிமை தடவித் துடைத்தால், கீறலில் மட்டுமே மை தங்கும். வாதவூரர் பாடத் தில்லைக் கூத்தனே திருவாசகத்தை எழுதினான் என்று மரபு கூறுவதும் ஓலையில்தான். தாளின் இயல்பு வேறு. கையால் தாள் செய்த நம் நாட்டார், அதன் தாகத்தை அடக்க அரிசிக் கஞ்சி பூசி, உலர்த்தி, வழவழப்பான கல்லால் தேய்த்தனர். அத்தகைய பசைப்பூச்சு இல்லாமல் விடப்பட்டதே மையொற்றும் தாள்.

மறுநாள் அப்பையனின் ஏட்டை வாங்கி மதிப்பெண்ணைத் திருத்தினேன். மட்டமான தாள், நான் இட்ட சிவப்புக் கோடு மறுபக்கத்திலும் ஊறியிருந்தது.