ஊர் பெயரான கதை

அபிராமபுரத்திலிருந்து மாலையில் உலாவப் போனால், அடையாற்றங்கரையில் ஒரு வெள்ளை மாளிகை என்னை நிறுத்திவிடும். சங்கீதக் கல்லூரி நடக்கும் அந்த வீட்டை 1790-களின் இறுதியில் கட்டியவர் ஜேம்ஸ் பிராடி, கும்பினி உத்தியோகஸ்தர். ஸ்காட்லாந்தில் பிராடி என்பது ஓர் ஊர். அதுவே வம்சப் பெயராயிற்று. அங்கே 1567-ல் எழுந்த கோட்டை 'பிராடி காஸில்'. இங்கே தம் வீட்டுக்கும் அதே பெயர் வைத்தார். பாவம், அதே அடையாற்றில் மூழ்கி மாண்டார். மயிலாப்பூரில் அவர் பெயர் தாங்கிய வீதியும் ராமகிருஷ்ண மடம் சாலையாகிவிட்டது.

சிரிக்க வேண்டாம், வாசகரே! என் பெயருக்கு முன்னாலும் ஓர் ஊர் நிற்கிறது. என் பாட்டனார் பிறந்த ஊர். அது எந்தத் தாலுகாவில் இருக்கிறது என்று மகன் கேட்டான். விழித்தேன். பிராடி கடல் தாண்டியும் தம் ஊரை ஒரு வீடாக்கினார். நான் ஓர் எழுத்தாக்கிவிட்டேன்.