தன்னையே பூட்டிக்கொண்ட ப்ராசஸ்

ஒரு ப்ராசஸ் உறைஞ்சு போய், ‘கில் மைனஸ் 9’ கொடுத்தும் சாகாம நின்னதைப் பார்த்திருக்கீங்களா? நான் பார்த்திருக்கேன். ராத்திரி ஷிஃப்ட். ரெண்டு சர்வர், ரெண்டுக்கும் பொதுவா ஒரே டிஸ்க். ஒரு ஃபோல்டரைத் தொட்டாலே டெர்மினல் செத்துப்போச்சு. கடைசியில மெஷினையே ரீபூட் பண்ணினோம். இப்படி உறையறதுக்குப் பல காரணம் உண்டு. அதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒண்ணோட கதை இது.

பல கம்ப்யூட்டர்கள் ஒரே டிஸ்க்கில் எழுதினால் ஃபைல் நாசமாகிவிடும். அதனால பூட்டு வேணும். டெக் நிறுவனம் 1984-இல் வி.எம்.எஸ். 4-ஆம் பதிப்பில் இதற்கென்றே ஒரு லாக் மேனேஜரைக் கொண்டுவந்தது. அதில் ஆறு வகைப் பூட்டுகள். அந்தப் பெயர்கள் இன்னைக்கும் லினக்ஸில் உயிரோட இருக்கு. ஆரக்கிள் உருவாக்கி 2006-இல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்த ஓ.சி.எஃப்.எஸ்.2, அதில் மூன்றோடு நிறுத்திக்கொண்டது: சும்மா இருக்கும் பூட்டு, படிக்கும் பூட்டு, எழுதும் பூட்டு.

இங்கதான் விஷயம். க்ளஸ்டரில் பூட்டை வாங்குவது ப்ராசஸ் இல்லை, மெஷின். அந்த மெஷினுக்குள் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று வெறும் எண்ணிக்கை மட்டும்தான் இருக்கும். யார் யார்னு பேர் கிடையாது. இன்னொரு மெஷின் ‘நான் எழுதணும்’ என்று கேட்டுவிட்டால், அதற்கப்புறம் வரும் புது வாசகர்கள் காத்திருக்கணும். நியாயமான விதிதான். இல்லேன்னா எழுத வந்தவருக்கு முறையே வராது.

2015-இல் ஒரு பக் சரிசெய்யப்பட்டது. ஃபைலின் அனுமதிப் பட்டியலைப் படிக்கும் ஃபங்ஷன் பூட்டு வாங்காமலே படித்துக்கொண்டிருந்தது, வாங்க வைத்தார்கள். ஆனால் அதைக் கூப்பிடும் மேல் ஃபங்ஷன் ஏற்கெனவே அதே பூட்டை வாங்கியிருந்தது! சாதாரண நாளில் எண்ணிக்கை ஒன்றிலிருந்து இரண்டாகும், அவ்வளவுதான். ஆனா அந்த ரெண்டுக்கும் நடுவுல, கண்ணிமைக்கிற நேரத்துல, இன்னொரு மெஷின் எழுதும் பூட்டைக் கேட்டால்? இரண்டாவது கோரிக்கை அந்த மெஷினுக்காகக் காத்திருக்கும். அந்த மெஷின் முதல் பூட்டு விடுபடக் காத்திருக்கும். முதல் பூட்டு யார் கையில்? இரண்டாவதைக் கேட்டு நிற்கும் அதே ப்ராசஸ் கையில். ரெண்டு மெஷினிலும் ஒரே ஃபைலுக்கு ஓயாம அனுமதியை மாத்திக்கிட்டே இருந்தா இது மாட்டும்.

உள்ளே இருக்கும் பூட்டை எடுத்துடலாமேன்னு தோணும். முடியாது, கெர்னல் அந்த ஃபங்ஷனை வெளியிலிருந்து நேராவும் கூப்பிடும். அதனால் 2017-இல் ஒவ்வொரு பூட்டோடும் ஒரு பட்டியலை ஒட்டினார்கள்: எந்த ப்ராசஸ் வைத்திருக்கிறது என்று அதன் நம்பர். ‘நான் ஏற்கெனவே உள்ளே இருக்கேனா?’ ஆமாம் என்றால் மறுபடி கேட்காமல் போய்க்கொண்டே இருக்கலாம். ஒரே பூட்டை ரெண்டு தடவை வாங்குவது கெர்னல் ஆட்களுக்குப் பிடிக்காது. எனக்கும் இது கொஞ்சம் ஒட்டுப்போட்ட வேலையாத்தான் படுது. ஆனா உறைஞ்ச சர்வர் முன்னால உட்கார்ந்தவனுக்கு அந்த ஒட்டே போதும்.

கதை அங்கேயும் முடியல. பட்டியலில் பேர் இருந்தது, படிக்கவா எழுதவா என்பது இல்லை. படிக்கும் பூட்டோடு இருக்கும் ப்ராசஸ் எழுதும் பூட்டைக் கேட்டாலும், ‘ஏற்கெனவே உள்ளேதானே இருக்கே, போ’ன்னு விட்டுடும். அந்த இன்னொரு கட்டத்தை 2018-இல் சேர்த்தார்கள்.