சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த சங்கமும் சேலத்துத் தொட்டிலும்

கோரிமேட்டைத் தாண்டி, ஏற்காடு அடிவாரத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது நம் கொண்டப்பநாயக்கன்பட்டி. இந்தச் சுற்றுவட்டாரத்துக் காலனிகளிலிருந்தும், சேர்வராயன் மலைமேல் உள்ள மலையாளிப் பழங்குடி ஊர்களிலிருந்தும் சமூகப்பணி படிக்க வரும் பிள்ளைகளில் பலர் தங்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். எம்.எஸ்.டபிள்யூ. முடித்து ஒரு திட்டத்திலோ தொண்டு நிறுவனத்திலோ வேலைக்குச் சேர்ந்ததும் அவர்கள் கேட்பது: "எந்தச் சங்கத்தில் சேருவது? சேர்ந்தால் என்ன செய்ய வேண்டும்?" இந்த மலரைத் தயாரிக்கும் குழுவினர் சங்க வரலாறு ஒன்று கேட்டபோது, இந்தக் கேள்விக்கு வாழ்ந்து காட்டிப் பதில் சொன்ன ஓர் அமைப்பை எழுதவே மனம் விரும்பியது. அது அமெரிக்காவின் கறுப்பினச் சமூகப்பணியாளர் தேசியச் சங்கம்.

அந்தச் சங்கம் 1968இல் பிறந்தது. அதன் வேர் இன்னும் பழையது. 1908இலேயே அட்லாண்டா நகரில் லுஜீனியா பர்ன்ஸ் ஹோப் என்ற பெண்மணி, கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளை வட்டாரங்களாகப் பிரித்து, வீடு வீடாகப் பெண்களை அனுப்பி, நோயாளி யார், பள்ளிக்குப் போகாத பிள்ளை யார் என்று விசாரிக்க வைத்தார். இன்று நாம் களப்பணி என்று கற்பிப்பதெல்லாம் அங்கே நடந்தது. 1910இல் தேசிய நகர்ப்புறக் கழகம் உருவாவதில் ஜார்ஜ் எட்மண்ட் ஹேன்ஸ் முன்நின்றார். வெள்ளையர் கல்லூரிகள் கதவை அடைத்திருந்த தென் மாநிலங்களில், 1920இல் கறுப்பின மாணவர்களுக்காக அட்லாண்டா சமூகப்பணிப் பள்ளி தொடங்கியது.

1955இல் ஏழு அமைப்புகள் இணைந்து அமெரிக்காவின் பொதுவான சமூகப்பணியாளர் தேசியச் சங்கம் அமைந்தது. கறுப்பினத்தவரும் அதில் உறுப்பினர் ஆனார்கள். ஆனால் உறுப்பினராக இருப்பதும் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பதும் வெவ்வேறு. தங்கள் மக்களின் வறுமையும் குடும்பமும் மாநாடுகளில் அலசப்படுகின்றன, அதைப் பேசும் மேடையிலும் முடிவெடுக்கும் குழுவிலும் தாங்கள் இல்லை என்பதே அவர்களின் நெடுநாள் குறை. 1968 ஏப்ரல் 4 அன்று மெம்பிஸில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். பல நகரங்கள் எரிந்தன. சில வாரங்கள் கழித்து, மே மாதக் கடைசியில், சமூகநல தேசிய மாநாடு சான் பிரான்சிஸ்கோவில் கூடியது. வழக்கமான நிகழ்ச்சி நிரலோடு அந்த மாநாடு நடந்துபோவதைக் கறுப்பினப் பணியாளர்களால் பொறுக்க முடியவில்லை. தனியே கூடினார்கள், கோரிக்கைகளை எழுதி மாநாட்டின் முன் வைத்தார்கள், தங்களுக்கென ஒரு சங்கம் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் பிலடெல்பியாவில் அதன் முதல் தேசிய மாநாடு நடந்தது.

அதே 1969இல் கறுப்பினத் தலைவரான விட்னி யங் பொதுச் சங்கத்தின் தலைவரானார். தனிச் சங்கம் அமைத்தால் பொது அமைப்பில் நம் இடம் போய்விடும் என்று அஞ்சுகிற தம்பி தங்கைகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். வெளியே ஓர் அணி உறுதியாக நின்றால் உள்ளே இருப்பவரின் குரலுக்கும் பலம் கூடும். ஒருவரே இரண்டிலும் உறுப்பினராக இருப்பதில் முரண்பாடு எதுவும் இல்லை.

அந்தக் கறுப்பினச் சங்கத்தில் சேருவது சந்தா கட்டுவதோடு முடிவதில்லை. பல நகரங்களில் கிளை, மாணவர் கிளை, ஆண்டு மாநாடு என்று அது இயங்குகிறது. பட்டம் பெற்றவர்களோடு சமூகநல வேலையில் இருக்கும் மற்றவர்களும் சேரலாம். தன் சமூகத்து மனிதரின், குடும்பத்தின் நலனையே முதல் கடமையாகக் கொள்வேன் என்று அதன் நெறிமுறை உறுப்பினரைக் கட்டுப்படுத்துகிறது.

அந்தக் கடமை 1972இல் சோதனைக்கு உள்ளானது. கறுப்பினக் குழந்தைகளை வெள்ளையர் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுப்பது அப்போது வேகமாகப் பெருகிக்கொண்டிருந்தது. 1971இல் மட்டும் 2,574 குழந்தைகள். அதை எதிர்த்துச் சங்கம் அறிக்கை வெளியிட்டது. பாட்டி இருக்கிறாள், சித்தி இருக்கிறாள், கறுப்பினக் குடும்பங்களைத் தத்தெடுக்கத் தகுதியற்றவையாகத் தள்ளும் விதிகளை முதலில் மாற்றுங்கள் என்பதே அதன் வாதம். கடுமையான கண்டனம் எழுந்தது. வீடு கிடைக்காமல் காப்பகங்களில் காத்திருக்கும் குழந்தைகளின் கதி என்ன என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியும் நியாயமானதே. 1994இல் அமெரிக்க அரசு, இனத்தைக் காரணம் காட்டித் தத்தைத் தாமதப்படுத்தக் கூடாது என்று சட்டமே கொண்டுவந்தது. இருந்தாலும் உறவினர் வீட்டில் வளர்வதே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்ற சங்கத்தின் வாதம் பின்னாளில் குழந்தைகள் நலத் துறையின் பொதுக் கருத்தாகவே ஆனது.

இதைப் படிக்கும்போது சேலத்துக்காரர்களுக்கு 1992 நினைவுக்கு வராமல் இருக்காது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க, வளர்க்க முடியாத குழந்தையை அரசின் தொட்டிலில் விட்டுப்போக வழிசெய்த தொட்டில் குழந்தைத் திட்டம் நம் மாவட்டத்தில்தான் முதலில் தொடங்கியது. 2001இல் நாமக்கல், தருமபுரி, மதுரை, தேனி முதலிய மாவட்டங்களுக்கும் போனது. அந்தத் தொட்டில் உயிர்களைக் காத்தது. அதே சமயம், பெற்றவள் எதற்காகக் குழந்தையை விட்டுப் போகிறாள், அவள் கையில் என்ன கொடுத்தால் மகளைத் தானே வளர்ப்பாள் என்று பெண்கள் அமைப்புகள் கேட்டன. வீடு தேடிப் போய் விசாரணை அறிக்கை எழுதியவர்கள் சமூகப்பணியாளர்கள். அந்தத் தாய்மாரின் நிலையை அவர்களைவிட நெருக்கமாகப் பார்த்தவர்கள் யார்? அந்தக் கோப்புகளைச் சேர்த்து வைத்து, தொழில்முறைச் சங்கமாக ஒரு நிலைப்பாட்டை அரசிடம் கொடுத்திருக்க வேண்டியது நம் கடமை.

இந்தியாவில் சமூகப்பணிக் கல்வி 1936இல் பம்பாயில் தொடங்கியது. மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் சென்னைச் சமூகப்பணிப் பள்ளியை நிறுவினார். தொழில்முறைச் சமூகப்பணியாளருக்கான தேசியச் சங்கம் ஒன்று 2005இல் டெல்லியில் அமைந்தது. வழக்கறிஞருக்கும் செவிலியருக்கும் இருப்பதுபோல் முழுத் தொழிலுக்கும் சட்டபூர்வமான தேசிய மன்றம் இன்னும் இல்லை. 2021ஆம் ஆண்டின் துணைமருத்துவத் தொழில்கள் சட்டத்தில் மருத்துவ, மனநலச் சமூகப்பணியாளர் மட்டும் இடம்பெற்றார்கள். தலித், பழங்குடிப் பார்வையில் சமூகப்பணியைக் கற்பிக்கும் முயற்சி டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் நடந்திருக்கிறது. 1946இலேயே அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டபிள்யூ.ஈ.பி. டு போய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் சபைக்குக் கறுப்பின மக்கள் கொடுத்த மனுவின் பிரதியைக் கேட்டார். நமக்கும் அவர்களுக்கும் உறவு அவ்வளவு பழையது.

நம் சங்கக் கிளைக் கூட்டத்துக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி ஒவ்வொரு இளைஞர் நீதிக் குழுமத்திலும் நடுவரோடு இரண்டு சமூகப்பணியாளர்கள் அமர வேண்டும், ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். அந்த இடத்துக்குத் தகுதியாகச் சட்டம் சொல்லும் பட்டங்கள் குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம். சமூகப்பணிப் பட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. குழந்தைகளுக்காக ஏழாண்டு பணியாற்றியவர் என்ற வழியில் மட்டுமே நம்மவர் நுழைய முடியும். பட்டியலைத் திருத்தக் கோரும் மனுவைக் கிளை எழுத வேண்டும். மனு போய்ச் சேரும்வரை காத்திராமல், ஏழாண்டு முடித்த மலையூர்ப் பெண் பணியாளர்கள் யார் யார் என்று கணக்கெடுத்து, அடுத்த விளம்பரம் வரும்போது அவர்களுக்கு அனுபவச் சான்றுகள் வாங்கிக் கொடுத்து விண்ணப்பிக்க வைக்க வேண்டும்.