சிங்கப்பூர்த் தொழிற்பயிற்சியும் ஐந்தாண்டுத் திட்டங்களும்

பிரிட்டன் தன் படைகளைச் சிங்கப்பூரிலிருந்து விலக்கிக்கொள்ளப்போவதாக 1968இல் அறிவித்தபோது, படைத்தளங்களை நம்பிப் பிழைத்த பல்லாயிரம் குடும்பங்களுக்கு மாற்று வேலை காண வேண்டிய நெருக்கடி அந்த இளம் நாட்டுக்கு நேர்ந்தது. ஏற்றுமதித் தொழிற்சாலைகளை வழியாகக் கொண்ட அரசு, அவற்றுக்கு வேண்டிய கைவினைஞர்களை உருவாக்கும் பொறுப்பைக் கல்வி அமைச்சுக்குள் அதே ஆண்டு தோன்றிய தொழில்நுட்பக் கல்வித் துறையிடம் ஒப்படைத்தது. அப்பொறுப்பு 1973இல் தொழில்துறைப் பயிற்சி வாரியத்துக்கும், அவ்வாரியம் வயதுவந்தோர் கல்வி வாரியத்துடன் இணைந்த 1979இல் தொழிற்கல்வி, தொழில்துறைப் பயிற்சி வாரியம் என்னும் புதிய அமைப்புக்கும் கைமாறியது.

வாரியத்தின் பெருங்குறை அதன் பட்டறைகளில் இல்லை, அங்கே வந்து சேர்ந்த பிள்ளைகளைப் பள்ளிகள் அனுப்பிவைத்த முறையில் இருந்தது. துணைப் பிரதமர் கோ கெங் சுவீ தலைமையிலான குழு 1979இல் அளித்த அறிக்கையின்படி மாணவர்கள் கற்கும் திறன் நோக்கித் தனித்தனிப் பிரிவுகளாக வகுக்கப்பட்டு, மிகவும் பின்தங்கியவர்கள் தொடக்கப்பள்ளி முடிந்ததும் நேரே பயிற்சிக்கு அனுப்பப்பட்டமையால், தொழிற்பயிற்சி என்றாலே தோற்றவர்களின் புகலிடம் என்னும் இகழ்ச்சி பெற்றோர் மனத்தில் வேரூன்றியது. கணக்கும் வாசிப்பும் போதாத சிறுவன் கடைசல் இயந்திரத்தைப் பார்த்துப் பழகலாம். கணினி இயக்கும் இயந்திரத்தின் வரைபடத்தையும் கையேட்டையும் படித்தறிய அவனால் இயலாது. வேலையிலிருக்கும் தொழிலாளருக்கு ஆங்கிலமும் கணக்கும் கற்பிக்கும் தனித்திட்டம் ஒன்று 1983இல் தொடங்க நேர்ந்ததே அப்பற்றாக்குறைக்குப் போதிய சான்று.

எல்லாப் பிள்ளைகளுக்கும் குறைந்தது 10 ஆண்டுப் பொதுக்கல்வி வேண்டும் என 1991இல் எடுக்கப்பட்ட முடிவுதான் இவ்வரலாற்றின் உண்மையான திருப்பம். அது இல்லாதிருந்தால் பின்னர் வந்த எந்தத் திட்டமும் பயன் தந்திராது. அம்முடிவைத் தொடர்ந்து, 1992இல் பழைய வாரியம் கலைக்கப்பட்டு, உயர்நிலைப்பள்ளி முடித்தோரைச் சேர்க்கும் தொழில்நுட்பக் கல்விக் கழகம் நிறுவப்பட்டது.

புதிய கழகத்தை வளர்த்தெடுக்கத் தொலைநோக்குள்ள திட்டமிடல் முறை ஒன்று கைக்கொள்ளப்பட்டது. அடுத்த ஆண்டின் வரவுசெலவை மட்டும் கணக்கிடாமல், ஒரு நிறுவனம் பல ஆண்டுகளுக்குப் பின் எந்நிலையை அடைய வேண்டும் என முதலில் வரையறுத்து, அங்கிருந்து பின்னோக்கிப் படிகளை வகுப்பது உத்திநோக்குத் திட்டமிடல் எனப்படும். 1981 முதல் வாரியத்தையும் பின்னர் 2007 வரை கழகத்தையும் வழிநடத்திய லா சோங் செங்கின் காலத்தில் இம்முறை ஐந்தாண்டுச் சுற்றுகளாக நிலைபெற்றது: 1995 முதல் 1999 வரையிலான முதல் திட்டம் உயர்நிலைப்பள்ளிக்குப் பிந்தைய கல்விநிலையம் என்னும் தகுதியை உறுதிப்படுத்தியது, 2000 முதல் 2004 வரையிலான திட்டம் உலகத் தரத்தை இலக்காகக் கொண்டது, 2005இல் தொடங்கிய மூன்றாவது திட்டம் கைக்கும் அறிவுக்கும் உள்ளத்துக்கும் சேர்த்துப் பயிற்சி என்னும் கொள்கையை முன்வைத்தது. ஒரே தலைமை இத்தனை ஆண்டுகள் நீடித்தமையால் ஒரு திட்டம் விட்ட இடத்திலிருந்தே அடுத்தது தொடங்க முடிந்தது. அரசு நிறுவனங்களில் இது எளிதில் வாய்ப்பதன்று.

இகழ்ச்சியைப் போக்குவதையும் இத்திட்டங்கள் நிர்வாகத்தின் கடமையாகவே ஏற்றன. நாட்டின் மாணவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வந்து சேரும் இடம், பல்கலைக்கழகத்துக்கு இணையான கட்டடமும் நூலகமும் விளையாட்டரங்கும் பெற வேண்டும் என்னும் நேர்மையான எண்ணத்தோடு, சிதறிக்கிடந்த சிறு வளாகங்கள் மூன்று பெருங்கல்லூரிகளாக ஒன்றுசேர்க்கப்பட்டன. சீமெய்யில் கிழக்குக் கல்லூரி 2005இல் திறக்கப்பட்டது; அரசும் தனியாரும் கூட்டுச் சேர்ந்து கட்டிய மேற்குக் கல்லூரி 2010இல் சுவா சூ காங்கிலும், தலைமையகத்தோடு கூடிய மத்தியக் கல்லூரி 2013இல் அங் மோ கியோவிலும் செயல்படத் தொடங்கின.