லித்தியம் வந்த வழி

ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே, கடலுக்குள் கிடக்கிறது உட்டோ தீவு. அங்கிருந்து வந்த பெட்டலைட் என்ற கனிமத்தை 1817-இல் ஆர்ஃப்வெட்சன் என்ற இளைஞர் பகுத்துப் பார்த்தபோது கணக்கு உதைத்தது. பிரித்தெடுத்த பொருட்களைக் கூட்டினால் கல்லின் எடை வரவில்லை. அந்தத் துண்டு விழுந்த இடத்தில் இருந்தது லித்தியம்.

யூரிக் அமிலத்தைக் கரைக்கும் என்று நம்பி அடுத்த தலைமுறை மருத்துவர்கள் அதைக் கீல்வாதத்துக்குக் கொடுத்தார்கள். 1929-இல் அமெரிக்காவில் செவன்-அப் சோடாவிலும் அது இருந்தது. 1940-களின் கடைசியில், சாப்பாட்டு உப்பு கூடாது என்று சொல்லப்பட்ட இதய நோயாளிகள் லித்தியம் குளோரைடைச் சோற்றுப்பு மாதிரி தூவிச் சாப்பிட்டார்கள். எவ்வளவு என்று யாரும் அளக்கவில்லை. சிலர் இறந்தார்கள், 1949-இல் அது கடைகளிலிருந்து அகற்றப்பட்டது.

அதே 1949-இல்தான் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் மனநல மருத்துவர் ஜான் கேட் லித்தியம் பற்றி எழுதிய கட்டுரை வந்தது. இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரின் சாங்கி முகாமில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் கைதியாக இருந்தவர். மெல்போர்னின் பண்டூரா மனநல மருத்துவமனையில் நோயாளிகளின் சிறுநீரைக் கினிப்பன்றிகளுக்கு ஊசியேற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். சிறுநீரில் உள்ள யூரிக் அமிலத்தின் விளைவைப் பார்க்க விரும்பியபோது அது தண்ணீரில் கரைய மறுத்ததால் லித்தியம் யூரேட்டைப் பிடித்தார். பன்றிகள் சாதுவாகிப் படுத்துவிட்டன. அவற்றுக்கு நஞ்சேறியிருக்கும் என்று பின்னால் சந்தேகப்பட்டவர்கள் உண்டு. கேட் முதலில் தானே விழுங்கிப் பார்த்துவிட்டு, பித்துநிலையில் இருந்தவர்களுக்குக் கொடுத்தார். ஐந்து ஆண்டுகளாக ஓயாமல் ஆர்ப்பரித்த முதல் நோயாளி சில மாதங்களில் வீட்டுக்குப் போனார். 1950-இல் அதே மனிதர் லித்தியம் நஞ்சாகி இறந்தார். கேட் மருந்தைத் தள்ளி வைத்துவிட்டார்.

புத்தகங்கள் கேடைக் கொண்டாடுகின்றன. பாதிப் புகழைச் சுடர் ஒளிமானிக்குத் தரலாம் என்பேன். ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு என்று மெல்போர்னில் ட்ராட்னர் குழு அந்தக் கருவியால் அளக்கத் தொடங்கிய பிறகுதான் இது கொடுக்கத் தக்க மருந்தானது. டென்மார்க்கில் மோகன்ஸ் ஸ்கௌ 1954 முதல் சோதித்து நிறுவினார். அமெரிக்கா 1970-இல் அனுமதித்தது.

மாத்திரையாக உள்ளே போனபின் கல்லீரல் இதைத் தொடுவதில்லை. சிறுநீரகம் சோடியம் என்று ஏமாந்து பெரும்பகுதியைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். அதனால் கத்திரி வெயில், வயிற்றுப்போக்கு, பிரஷருக்காகத் திடீரென உப்பை நிறுத்துவது, மெடிக்கலில் கேட்டு வாங்கும் மூட்டுவலி மாத்திரை எல்லாமே ரத்த அளவை ஏற்றிவிடும். கை பலமாக நடுங்கினால், நாக்கு குழறினால், நடை தள்ளாடினால் உடனே மருத்துவமனைதான்.

இருமுனைக் கோளாறின் மனச்சோர்வில் டோஸை மாற்றுவதும் ரத்தத்தில் உள்ள லித்தியம் அளவிலிருந்தே தொடங்குகிறது. இந்த நோயில் சோர்வுக்கான மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் மனம் எதிர்முனைக்குப் பாய்ந்துவிடக்கூடும். ஆகவே முதலில் லித்தியம் போதுமா என்று பார்க்க, இரவு மாத்திரை போட்டுப் 12 மணி நேரம் கழித்துக் காலையில் ரத்தம் எடுக்கிறார்கள். லிட்டருக்கு 0.4 மில்லிமோல் என்று வந்தால், மருந்து தோற்றுவிட்டது என்று சொல்ல முடியாது. அதற்கு முழு வாய்ப்பே தரப்படவில்லை. டோஸைக் கொஞ்சம் ஏற்றி, அளவு நிலைப்பட ஐந்தாறு நாள் விட்டு, மறுபடி ரத்தம் பார்ப்பார்கள். 0.8-ஐத் தொட்டும் சோர்வு விலகாவிட்டால் குவெட்டியாபின் அல்லது லாமோட்ரிஜின் என்ற இன்னொரு மருந்து சேரும். லாமோட்ரிஜினில் அவசரம் கூடாது: பொதுவாக 25 மில்லிகிராம் இரண்டு வாரம், பிறகு 50 இரண்டு வாரம். வேகமாக ஏற்றினால் தோலில் ஆபத்தான தடிப்பு வரலாம். உடம்பில் சிவந்து தடித்தால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இதற்கிடையே லித்தியத்தைத் தாமாக நிறுத்தியவர்களுக்குப் பித்துநிலை முந்திக்கொண்டு திரும்புவதுண்டு. தொடர்பவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டும் கிரியாட்டினினும் பார்க்கிறார்கள். வயதானவர்களுக்கு அதைவிட அடிக்கடி.