இணக்கம் எழுதும் மேசையில் இல்லாதவர்கள்

வேலி வழக்கை மத்தியஸ்த சபை தீர்த்துவைத்தால் இரு தரப்பும் ஒப்பமிடுவதோடு காரியம் முடிந்தது. ஊராருக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், சந்தையை வளைத்துப் போட்ட நிறுவனத்தோடு அரசு இணக்கத்துக்குப் போகும்போது, நட்டப்பட்டவர் அங்கே இருப்பதில்லை.

அமெரிக்கா இதைப் பட்டுத்தான் கற்றது. 1971இல் ஐ.டி.டி. நிறுவனத்தின் மீதான போட்டிச் சட்ட வழக்குகளை நீதித் திணைக்களம் இணக்கமாக முடித்து, ஹார்ட்ஃபோர்ட் காப்புறுதி நிறுவனத்தை அதன் கையிலேயே விட்டது. ஆளுங்கட்சி மாநாட்டுக்குப் பணம் தருவதாக ஐ.டி.டி. ஒப்புக்கொண்டிருந்த சேதி வெளிவந்தபோது நாடே முகம் சுளித்தது. செனட்டர் ஜான் டன்னியின் பெயரால் வழங்கும் 1974ஆம் ஆண்டுச் சட்டம் அதன் பிறகு வந்தது. அதன்படி இணக்க வரைவு பிரசுரமாக வேண்டும். 60 நாட்கள் எவரும் கருத்து எழுதலாம். அரசு பதில் சொல்ல வேண்டும். பொதுநலனுக்கு ஏற்றதா என நீதிபதி பார்க்க வேண்டும். மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் ஏகபோக வழக்கு இணக்கத்துக்கு 30,000க்கும் அதிகமான கருத்துகள் குவிந்தன. இருந்தும் 2002இல் பெரிய மாற்றமின்றி அது ஏற்கப்பட்டது. எழுதியதெல்லாம் வீண் என்பேனா? இல்லை. பதில் எழுதியாக வேண்டுமென்றால் அதிகாரி வரைவை இன்னொரு தடவை வாசிப்பார்.

இந்தியா போட்டிச் சட்டத்தின் 2023 திருத்தத்தில் இணக்கத்துக்கு வழி திறந்தது. பிறர் ஆட்சேபிக்கவும் இடமுண்டு, மேன்முறையீடு மட்டும் இல்லை. அன்ட்ரொயிட் டிவி விவகாரத்தில் கூகுள் 2025இல் 20.24 கோடி இந்திய ரூபாய் செலுத்தி இணங்கியது.

நம் இலங்கையில் 1987இன் நியாயமான வர்த்தக ஆணைக்குழுச் சட்டத்தை நீக்கி, 2003இன் 9ஆம் இலக்கச் சட்டம் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையை அமைத்தது. ஏகபோகத்தையும் நிறுவன இணைப்பையும் கட்டுப்படுத்தும் அதிகாரம் அதோடு போயிற்று. வர்த்தகர்களோடு விலை பற்றி எழுத்து மூல உடன்படிக்கை செய்யும் அதிகாரம் சபைக்கு உண்டு; டன்னி சட்டம் போன்ற 60 நாள் ஏற்பாடு இல்லை.

வெளியே நிற்பவர் யாரென்று பார்ப்போம்: கல்முனைப் பக்கத்துக் கரைவாகு வட்டையில் பெரும்போக நெல்லைக் கடன்காரனுக்குப் பயந்து ஈரத்தோடேயே மூடை கட்டி விற்கிறார் விவசாயி. சில மாதங்களில் அதே வீட்டார் கல்முனைக் கடையில் அரிசி வாங்குகிறார்கள். விற்கும் விலையும் வாங்கும் விலையும் அவர் கையில் இல்லை. 2024 டிசம்பரில் ஜனாதிபதி பெரிய ஆலை உரிமையாளர்களைச் சந்தித்த பிறகு நாட்டரிசியின் உச்ச சில்லறை விலை கிலோ 230 ரூபா என நிர்ணயமானது. அது வழக்கு இணக்கமல்ல, உண்மைதான். ஆனால் விவசாயியின் இடம் அங்கும் வெளியேதான்.

போட்டிச் சட்டத்தைத் திருத்துவோர் ஒன்று செய்யட்டும்: இணக்க வரைவைத் தமிழிலும் சிங்களத்திலும் பிரதேச செயலகங்களில் ஒட்டி, 30 நாட்கள் கருத்துக் கேட்டு, கிடைத்த ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதிய பிறகே ஒப்பமிடட்டும்.