கிரியோனின் ஆணையும் ஏதென்ஸின் சட்டமும்

சொஃபக்ளிஸின் 'ஆன்டிகனி'யைக் கொடுங்கோலனை எதிர்த்து நின்ற ஒரு பெண்ணின் கதையாகவே நாம் பெரும்பாலும் வாசித்து வருகிறோம். கி.மு. 441ஐ ஒட்டி அதனை அரங்கிலே கண்ட ஏதென்ஸ் மக்களுக்கு அது அத்தனை எளிய கதையாக இருந்திருக்க முடியாது.

தீப்ஸ் நகரின் அரியணைக்காகப் போரிட்ட சகோதரர் இருவரும் ஒருவரையொருவர் கொன்று மடிகின்றனர். நகரைக் காத்த எட்டியோக்ளிஸுக்கு உரிய மரியாதைகளோடு அடக்கம் நிகழ்கிறது. அயல்படையோடு வந்த பாலினைசிஸின் உடல் நாய்க்கும் பறவைக்கும் இரையாகட்டும், அடக்கம் செய்பவருக்கு மரணம் என ஆணையிடுகிறான் புதிய மன்னன் கிரியோன். எழுதப்படாத தெய்வ நெறியே பெரிதென்று சகோதரி ஆன்டிகனி அவ்வுடல்மீது மண் தூவுகிறாள்.

துரோகிகளைத் தம் மண்ணில் புதைக்கலாகாது என்னும் தடை ஏதென்ஸிலும் இருந்தது. கி.மு. 480இல் சாலமிஸ் கடற்போரில் வெற்றி தேடித்தந்த தெமிஸ்டோக்ளிஸ், பின்னாளில் துரோகியெனத் தீர்ப்பளிக்கப்பட்டுப் பாரசீகரின் ஆட்சிப்பகுதியில் இறந்தார். அவருடைய எலும்புகளை உறவினர் இரகசியமாகக் கொணர்ந்து சொந்த மண்ணில் புதைத்ததாகக் கூறிக்கொண்டதை வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் குறித்துள்ளார். ஆன்டிகனியின் செயல் அந்நகரத்தாருக்குப் பழங்கதை மட்டுமன்று.

எனில், கிரியோனின் பிழை எது? ஏதென்ஸின் தடை எல்லையோடு நின்றது. எல்லைக்கு அப்பால் உறவினர் அடக்கம் செய்வதை அது தடுக்கவில்லை. கிரியோனோ உடலைத் தன் நகரின் மண்ணிலேயே அழுகவிட்டான். பறவைகளும் நாய்களும் கொணர்ந்த ஊனால் பலிபீடங்கள் தீட்டுப்பட்டன என்று குருட்டு ஞானி டைரீசியஸ் எச்சரிக்கிறார். மன்னன் மனம் மாறுகையில் காலம் கடந்துவிடுகிறது. ஆன்டிகனி, அவளுக்கு நிச்சயிக்கப்பட்ட தன் மகன் ஹேமன், மனைவி யூரிடிசி என மூவரையும் இழக்கிறான்.

இதனை எழுதியவர் அதிகாரத்துக்கு வெளியே நின்ற கலகக்காரர் அல்லர். சொஃபக்ளிஸ் கி.மு. 443-442இல் ஏதென்ஸ் கூட்டணியின் நிதிப் பொருளாளர்களுள் ஒருவர். 441-440இல் படைத்தலைவர்களுள் ஒருவர். அரசின் தேவையை உள்ளிருந்து அறிந்தவர். ஆகவேதான் நட்பைவிட நாடு பெரிது என்னும் கிரியோனின் முதல் உரை அத்தனை வலுவாக அமைந்தது. கி.மு. 343இல் டெமாஸ்தனிஸ், தம் எதிரி ஏஸ்கினிஸைச் சாட நீதிமன்றத்தில் அவ்வுரையையே நற்குடிமைக்கு இலக்கணமாக வாசிக்கச் செய்தார். முன்பு நடிகராயிருந்து கிரியோன் வேடம் தரித்தவர் ஏஸ்கினிஸ்!

இருபதாம் நூற்றாண்டில் ராபன் தீவுச் சிறையில் கைதிகள் இந்நாடகத்தை நடித்தபோது, கிரியோன் வேடமேற்றவர் நெல்சன் மண்டேலா. சட்டத்தின் பெயரால் சிறையிலிருந்தவர் சட்டத்தின் வாதத்தைப் பேசினார். நியாயமாகத் தொடங்கிய சட்டம் எந்த இடத்தில் மனிதனைக் கைவிடுகிறது என்பதை அறிய, கிரியோனையும் செவிமடுக்கத்தான் வேண்டியிருக்கிறது.